வண்ணத்துப் பூச்சியின் வேஷம் கலைத்தவர்

தூத்துக்குடி, முத்துக் குளிப்புக்குப் பேர்போன ஊர். நல்ல முத்து எது, போலி முத்து எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் வியாபாரிகள் அங்கே இருந்தார்கள்.

வண்ணத்துப் பூச்சியிலும் போலி உண்டு! நம் வீட்டுக் கறிவேப்பிலையில் முட்டையிடும் பூச்சி அது. அதன் குட்டை உடைத்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பரிணாமக் கொள்கையை 1858-ல் டார்வினுடன் சேர்ந்து உலகுக்கு அளித்த மேதை.

கப்பலில் தீ

வாலஸ் 1823-ம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்தார். குடும்பம் நொடித்தது. 14 வயதில் படிப்பு நின்றது. அண்ணனுடன் நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். போன இடத்தில் செடிகொடிகளை உற்றுப் பார்த்தார். பிறகு பூச்சிகள் மீது ஆசை பிறந்தது.

1848-ல் அமேசான் காட்டுக்குச் சென்றார். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து, விற்றுப் பிழைத்தார். உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 1852-ல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. பாடுபட்டுச் சேர்த்தவை சாம்பலாயின. 10 நாள் படகில் தத்தளித்து உயிர் தப்பினார்.

மனம் தளரவில்லை. 1854-ல் கீழ்த்திசைக்குக் கப்பல் ஏறினார். மலேயாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் 8 ஆண்டுகள் அலைந்தார். சேகரித்தவை 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல்!

ஆண் எங்கே?

கறிவேப்பிலைப் பூச்சியில் ஆண் கறுப்பு. பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். சிலவற்றுக்குச் சிறகில் சிவப்புப் புள்ளிகள். இவை வேறு இனம் என்று எண்ணிய விஞ்ஞானிகள் வேறு பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் அந்த இனத்தில் ஆண் எங்கே? வாலஸ் தேடிப் பார்த்தார். எல்லாம் பெண்களே! ஒரே இனத்துப் பெண்கள்தான் பல வேஷம் போடுகின்றன என்று 1864-ல் லண்டனில் எடுத்துரைத்தார்.

வேஷம் எதற்கு? இந்தியாவிலும் இலங்கையிலும் வேறொரு பூச்சி உண்டு. ஆடுதீண்டாப்பாளை இலையைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் விஷம். பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதைப் போலச் சிறகு இருந்தால் இதுவும் பிழைக்கலாம் அல்லவா?

கண்டுபிடிப்பது எப்படி?

சிறகைப் பார்த்தால் ஏமாந்து போவோம். உடம்பைப் பார்க்க வேண்டும். தலையும் உடம்பும் ரத்தச் சிவப்பாக இருந்தால் விஷப்பூச்சி. உடம்பு கறுப்பாக இருந்தால் வேஷக்காரி!

வாலஸ் 1913-ல், 90-வது வயதில் காலமானார். அவர் பட்டம் பெற்ற படிப்பாளி அல்ல. கண்ணைத் திறந்து பார்த்தவர். கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கும்போது நாமும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாமே!