என்புருக்கியும் ஓர் எழுத்தாளரின் வாழ்வும்

தம்பலகாமம் போன்ற நமது வயல்சூழ் ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அஞ்சி, அயலார் செவியில் விழாதவாறு தாழ்ந்த குரலில் உச்சரித்து வந்த சொல் ஒன்றுண்டு. சயரோகம் என்பதே அது. சயம் என்றால் தேய்வு; காசம் என்றால் இருமல். எலும்பையும் உருக்கிவிடுவதால் என்புருக்கி என்றும் முன்னோர் அழைத்தனர். ஆங்கிலப் பெயரோ சிறு கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அது நோயின் உருவைச் சொல்ல, நமது பெயர்கள் நோயாளியின் துயரைச் சொல்கின்றன.

அத்துயரை முழுமையாக அனுபவித்தவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர், 1906 ஏப்ரல் 25ஆம் திகதி திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். திருநெல்வேலியில் பட்டம் பெற்றார். தந்தை தாசில்தாராக இருந்தபோதும், அரச உத்தியோகத்தை நாடாது பேனாவையே நம்பிச் சென்னை சென்றார். மணிக்கொடியில் எழுதினார், தினமணியில் பணியாற்றினார். ஏறத்தாழ நூறு சிறுகதைகளால் தமிழ்ப் புனைகதையின் போக்கையே மாற்றினார். எனினும் வறுமை அவரை விட்டு அகலவில்லை.

திரைத்துறை கைகொடுக்கும் என நம்பிச் சொந்தமாகப் படமெடுக்க முயன்றார், அம்முயற்சி நிறைவேறவில்லை. ராஜமுக்தி படத்துக்கு வசனம் எழுதப் புனே சென்ற காலத்தில் நோய் முற்றியது. மனைவியையும் குழந்தையையும் விட்டு, 1948இல் திருவனந்தபுரத்தில் தமது 42ஆவது வயதில் மறைந்தார்.

அதே ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, தமது நோயை உலகறியாது மறைத்து வைத்திருந்த பாகிஸ்தானின் தலைவர் முஹம்மது அலி ஜின்னாவும் காலமானார். அவரது நுரையீரலையும் இதே நோயே அரித்திருந்தது. ஏழை எழுத்தாளர், ஒரு தேசத்தின் தலைவர் என்ற பேதம் அதற்கு இருக்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943இலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தும், நம் பிராந்தியத்தில் அது கிடைப்பதற்கரிய பொருளாகவே இருந்தது என்பது வேதனைக்குரியது.

இன்று நிலைமை வேறு. 1882இல் றொபேட் கொக் இனங்கண்ட அக்கிருமியை, பெரும்பாலான நோயாளர்களில் ஆறு மாத கால மருந்தினால் முற்றாக ஒழித்துவிடலாம். இலங்கையில் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்கள் அதனை இலவசமாகவே வழங்குகின்றன. புதுமைப்பித்தனுக்கு எட்டாதிருந்த மருந்து நமது வாசலுக்கே வந்துவிட்டது. ஆயினும் பழைய சொல்லின் அச்சமும் வெட்கமும் இன்னும் நம்மைத் தடுக்கின்றன. இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், அயலார் என்ன சொல்வார்களோ எனத் தயங்காது சளியைப் பரிசோதித்துக் கொள்வோமாக.