எழுத்துகளோடு விளையாடிய கணித ஆசிரியர்

ஆங்கிலப் பாடத்தில் நீண்ட சொல் ஒன்று வந்துவிட்டால் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் நா வறண்டு விடும். அதே ஆங்கில எழுத்துகளைத் தம் விளையாட்டுத் தோழர்களாக ஆக்கிக்கொண்ட ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவருக்கோ ஆங்கிலமே தாய்மொழி. ஆயினும் வாயைத் திறந்தால் சொற்கள் தடைபட்டு நின்றுவிடும். அவர்தாம் உலகமே லூயிஸ் கரோல் என்று அறிந்த அறிஞர்.

அவருடைய இயற்பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன். 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் செஷயர் மாவட்டத்திலுள்ள டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. வீட்டில் பதினொரு குழந்தைகள். அவர்களுள் மூன்றாவதாகப் பிறந்த சார்லஸே மூத்த மகன். சிறு வயதிலேயே திக்குவாய் அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு காதும் சரியாகக் கேளாது. ஆனால் அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. தம்பி தங்கையருக்காகப் புதிர்களும் பாடல்களும் எழுதிக் கையெழுத்துப் பத்திரிகைகள் நடத்தினார். நாவுக்கு வராத சொற்கள் பேனா முனையில் துள்ளி வந்தன.

1851-ஆம் ஆண்டு உயர்கல்வி பெற ஆக்ஸ்போர்டு சென்றார். சென்ற இரண்டாம் நாளே அன்னை இறந்த செய்தி வந்தது. துயரத்தைத் தாங்கிக்கொண்டு படித்தார். 1854-இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறி, மறு ஆண்டிலேயே கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளரானார். 1861-இல் திருத்தொண்டர் பட்டம் பெற்றார். ஆனால் குருப்பட்டம் பெறாமலே வாழ்ந்து முடித்தார். மேடையில் நின்று தடையின்றிப் பேச இயலாமை அதற்கு ஒரு காரணம் என்பர். தந்தையின் வழியில் செல்ல முடியாதது எத்தனை வேதனையாக இருந்திருக்கும்!

அவருடைய புனைபெயரே ஓர் எழுத்து விளையாட்டுதான். சார்லஸ் லட்விட்ஜ் என்ற இரு பெயர்களையும் இலத்தீனுக்கு மாற்றி, முன்பின்னாக்கி, மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது லூயிஸ் கரோல் பிறந்தார். அதே எழுத்துகளைக் கலைத்து அடுக்கி, எட்கர் கத்வெல்லிஸ் என்ற பெயரையும் செய்து பார்த்தார். பத்திரிகை ஆசிரியர் 1856-இல் லூயிஸ் கரோலையே தேர்ந்தெடுத்தார்.

1862-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தேம்ஸ் நதியில் படகில் செல்கையில் மூன்று சிறுமியருக்கு ஒரு கதை சொன்னார். அதுவே 1865-இல் ஆலிஸின் அற்புத உலகமாக வெளிவந்தது. 1871-இல் வந்த அதன் தொடர்ச்சியின் இறுதியில் ஒரு பாடல் உண்டு. அதன் 21 அடிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஆலிஸின் முழுப்பெயர் கிடைக்கும்!

1877-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், பொழுது போகவில்லையே என்று சலித்திருந்த இரு சிறுமியருக்காக அவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி மற்றொரு சொல்லை அடைய வேண்டும். இடையில் வருவன எல்லாம் உண்மையான சொற்களாக இருக்க வேண்டும். தலையைக் குறிக்கும் ஹெட் என்பதிலிருந்து ஹீல், டீல், டெல், டால் என்று படிப்படியாக இறங்கினால், வாலைக் குறிக்கும் டெயில் வந்துவிடும். இவ்விளையாட்டுக்கு டப்லெட்ஸ் என்று பெயர். 1879-இல் வேனிட்டி ஃபேர் என்னும் வார இதழ் இதைப் போட்டியாக நடத்தியது.

அடுத்து வந்தது மிஷ்மாஷ். இளமையில் தாம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் பெயரையே இதற்கும் சூட்டினார். ஒருவர் சில எழுத்துகளைக் கூற வேண்டும். அவை அதே வரிசையில் சேர்ந்து வரும் சொல்லை மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். இ, எம், ஓ என்றால் லெமன். ஐ, எம், எஸ், இ என்றால் ஹிம்செல்ஃப். ஜி, பி என்றால்? தோழியரே, சற்றே நின்று யோசியுங்கள்!

ஜி, பி என்று தொடங்கும் சொல்லைத் தேடினால் களைத்துப் போவோம். அசைகள் இரண்டு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். முன் அசை ஜியில் முடிந்து, பின் அசை பியில் தொடங்கினால் போதும். மேக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவை அங்கே ஒளிந்திருக்கிறது!

எல்லோரும் அறிந்த சொல்லாக இருக்க வேண்டும், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் கூடா என்பது விதி. விடை தெரியாமலே எழுத்துகளைக் கொடுக்கலாம். நன்கு ஆராய்ந்தபின், அப்படி ஒரு சொல்லே இல்லை என்று துணிந்து கூறவும் இடமுண்டு. எழுத்துகளைச் சதுரங்கப் பலகையில் நகர்த்திச் சொல்லாக்கினால் என்ன என்றும் 1880-இல் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஸ்கிராபிள் ஆட்டத்தை அமெரிக்கரான ஆல்ஃபிரட் பட்ஸ் உருவாக்கத் தொடங்கியது 1930-களில்தான்.

முதிய வயதில் ஆக்ஸ்போர்டு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று மாணவியருக்குத் தருக்கம் கற்பித்தார். அவ்வப்போது தேவாலயத்தில் மறையுரையும் ஆற்றினார். குறை நீங்கியதால் அன்று. குறையோடே நிற்கத் துணிந்ததால். 1898-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் கில்ட்ஃபோர்டில் தம் சகோதரியர் இல்லத்தில் இறைவனடி சேர்ந்தார்.

தோழியரே! நம் வகுப்பிலும் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தடுமாறும் தோழி ஒருத்தி இருப்பாள். அவள் தொடங்கத் தயங்குவதைக் கண்டு நகைக்க வேண்டாம். முதல் எழுத்திலேயே எல்லாச் சொல்லும் அகப்பட்டுவிடுவதில்லை. சற்றுக் காத்திருந்தால் மேக்பையைப் போல ஓர் அழகிய சொல் நடுவிலிருந்து பறந்து வரும்.