பர்ட் மன்றோ

மன்றோ என்னும் பெயரைச் செவியுற்றவுடன், சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமீது வீற்றிருக்கும் கவர்னர் சர் தாமஸ் மன்றோவே நம் நினைவிற்கு வருவார். ஈண்டு நாம் கூறப்புகுவது வேறொரு மன்றோவின் வரலாறு. இவர் நாடாண்டவர் அல்லர். ஒரு கொட்டகையில் இருந்துகொண்டு, தாமே அச்சமைத்து எஞ்சின் உறுப்புகளை வார்த்தவர்.

ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ 1899-ம் ஆண்டில், நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரில் பிறந்தார். 1920-ல் மோட்டார் சைக்கிளொன்றை வாங்கினார். அமெரிக்கக் கம்பெனியொன்று செய்த அவ்வண்டியின் பெயர் 'இந்தியன்' என்பது. நம் நாட்டிற்கும் அதற்கும் பெயரளவே உறவு. 600 சி.சி. அளவுள்ள அவ்வண்டி மணிக்குச் சுமார் 55 மைல் வேகமே செல்ல வல்லது. 1926-ல் அதனைத் திருத்தத் தொடங்கினார். அத்திருப்பணி நாற்பதாண்டுகளுக்கு மேலும் நீடித்தது.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பது அவர் பிழைப்பு. இரவெல்லாம் கொட்டகையில் வேலை. பழைய தகர டப்பாக்களே அவருக்கு அச்சுகளாயின. உலோகத்தை உருக்கி அவற்றில் ஊற்றிப் பிஸ்டன்களை வார்த்தார். சிலிண்டர், பிளைவீல் முதலியவற்றையும் தாமே செய்துகொண்டார். டிராக்டரின் இருசை அறுத்து அராவிக் கனெக்டிங் ராடுகளாக்கினார். மைக்ராமீட்டருக்குப் பதிலாகப் பழைய சக்கரக் கம்பியொன்று அளவு காட்டியது.

வார்ப்பு வேலை எளிதன்று. உருகிய உலோகம் குளிருங்கால் சுருங்கும். ஆதலின் அச்சு, வேண்டிய அளவினும் சற்றுப் பெரிதாயிருத்தல் வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் தங்கினும், நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை ஏறியிறங்கும் பிஸ்டன் அவ்விடத்தே பிளவுறும். மன்றோ செய்த உறுப்புகள் பல அவ்வாறே உடைந்து நொறுங்கின. அவற்றை அவர் வீசி எறிந்தாரல்லர். தட்டுகளில் வரிசையாக அடுக்கி, வேகத்தின் தெய்வத்திற்குப் படைத்த காணிக்கைகள் என்று எழுதிவைத்தார். கோயில்கள் மலிந்த காஞ்சியில் வாழும் நமக்கு அதன் பொருள் விளங்காமற்போகாது. தம் தோல்விகளையே கண்முன் வைத்து, அடுத்த வார்ப்பிற்கு அவர் கைவைத்தார்.

1962-ல், அறுபது கடந்த அப்பெரியார், அமெரிக்காவில் யூட்டா மாகாணத்திலுள்ள பானவில் உப்புச் சமவெளிக்கு அவ்வண்டியைக் கொண்டுசென்று முதற்சாதனை படைத்தார். 1967-ல், 68-ம் வயதில், சுமார் 950 சி.சி. அளவிற்குப் பெருக்கிய அதே எஞ்சினைக்கொண்டு, 1000 சி.சி.க்குட்பட்ட வகுப்பில் உலக சாதனை நாட்டினார். 1978-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி காலஞ்சென்றார். அன்று கணக்கிட்டதில் நேர்ந்த பிழை 2014-லேதான் திருத்தப்பெற்று, அவ்வேகம் மணிக்கு 184.087 மைல், அஃதாவது சுமார் 296 கிலோமீட்டர், எனப் பதிவாயிற்று.

இக்காலத்தில் கார் எஞ்சினின் மேல்மூடி, காற்றுக்குழாய் முதலியவற்றைக் கார்பன் இழையால் வீட்டிலேயே செய்வோர் உளர். பட்டைப் போலவே பாவும் ஊடுமாய் நெய்த கார்பன் துணியை, தாம் சமைத்த அச்சிற் பரப்பி, பிசினூட்டி இறுகச் செய்கின்றனர். பொருள் மாறினும் முறை மாறவில்லை. அச்சிலுள்ள கீறல் உறுப்பிலும் படியும். திருத்த வேண்டுவது அச்சையே.

மாணவ நண்பர்களே, தாலந்தை மண்ணிற் புதைத்தவனையே எசமான் கடிந்துகொண்டார் என்பதை நாம் அறிவோம். சோதனைச்சாலையில் உடைந்த கருவியை மறைத்துவைப்பதும் அத்தகைய புதைத்தலே. அதனை மேசைமேல் வைத்து ஆராயத் துணிவோமாக.