வானைப் பகிர்ந்தளித்த கலைஞர்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், பாடசாலை முடிந்த பின்னர், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தான் எடுத்த புகைப்படங்களை எனக்குக் காட்டினாள். கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் அவை. மழை விட்ட வானம், வேலியோரத்துப் பூவரசு, அடுக்களை யன்னலால் வந்து சுளகின்மீது விழுந்த காலை வெயில் ஆகிய இவையே அவற்றின் பொருள். எடுத்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வது அவளது வழக்கம். நான் நாலைந்து படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, இவற்றிலே மனிதர் எவரையுங் காணோமே, வெறும் வானத்தைக் காண்பதற்குப் படம் எதற்கு, தலையை உயர்த்தினாற் போதுமே என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. தொலைபேசியை மூடிக்கொண்டு, விடைபெற்றுப் போய்விட்டாள்.

அவள் போன பின்னர் என் சொல் என்னையே உறுத்தத் தொடங்கியது. ஒரு படத்தின் சிறப்பு அதிலுள்ள பொருளினால் வருகிறதா, அன்றி அப்பொருளைக் கண்ட கண்ணினால் வருகிறதா? இவ்வினாவுக்கு விடை கூறுவதற்காகவே தன் வாழ்வின் பிற்பகுதியில் முகில்களை நோக்கித் திரும்பிய ஒருவரின் சரிதை எனக்கு நினைவில் வந்தது. அவர் பெயர் அல்பிரட் ஸ்டீக்லிற்ஸ். நம் நாட்டிற் பிறந்த பேரறிஞர் ஒருவரும் இச்சரிதையில் வருகிறார். ஆதலின் அது நமக்கு முற்றிலும் அயலாரது கதையன்று.

1864ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரிலே, ஜேர்மனியிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பம் ஒன்றில் ஸ்டீக்லிற்ஸ் பிறந்தார். பிள்ளைகள் அறுவருள் அவரே மூத்தவர். தந்தையார் கம்பளி வணிகத்திற் பொருளீட்டியவர்; கலையில் நாட்டமுடையவர். 1881இல் அவர் வணிகத்தை விட்டுப் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டுக் குடும்பத்தோடு ஐரோப்பா சென்றார். அங்கே பெர்லின் நகரில், இயந்திரவியல் கற்கப் போன மைந்தர், பேராசிரியர் ஹேர்மன் வில்ஹெல்ம் வோகல் என்பாரது இரசாயன வகுப்பிற் புகுந்து, புகைப்படக் கலைக்கே ஆட்பட்டுவிட்டார்.

இந்த வோகலை நாம் மறத்தலாகாது. அக்காலத்துப் புகைப்படத் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. ஆகவே, நீல வானமும் வெண்முகிலும் ஒன்றுபோலவே பதிந்து, படத்தில் வானம் வெறும் வெள்ளைத் தாளாய்த் தோன்றியது. தகட்டின் பூச்சிலே சாயம் கலந்தால் பிற நிறங்களையும் அது உணரும் என்று 1873இல் கண்டறிந்தவர் வோகல். ஆசிரியர் நட்ட அவ்விதையின் பயனை மாணாக்கர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, வானத்தைப் படம்பிடித்தபோது பெற்றார்.

1889இல் பெர்லினில் எடுத்த ஒரு படத்திலேயே அவருடைய வாழ்வின் போக்கு விளங்குகின்றது. மேசையருகே அமர்ந்து ஓர் இளம்பெண் எழுதிக்கொண்டிருக்கிறாள். யன்னற் சட்டங்களின் இடைவெளியால் வெயில் கோடுகோடாய் உள்ளே விழுகின்றது. பெண்ணின் பெயர் பவுலா. ஆயினும், படத்தின் தலைவி அவளோ அவ்வெயிலோ என்று கூறுதல் அரிது.

1890இல் தங்கையின் மறைவு அவரை நியூயோர்க்கிற்குத் திரும்பச் செய்தது. அந்நாளில், கையிற் கொண்டு திரியும் சிறிய கமெராவைத் தேர்ந்த கலைஞர் பலர் ஏளனஞ் செய்தனர். ஸ்டீக்லிற்ஸ் அதையே கையிலெடுத்தார். 1893ஆம் ஆண்டு மாசி மாதத்தில், கடும் பனிப்புயலின் நடுவே, ஐந்தாம் நிழற்சாலையில் மூன்று மணி நேரம் நின்று, பனியைக் கிழித்து வந்த ஒரு குதிரை வண்டியைப் படமாக்கினார். அதே காலத்தில், குதிரை இழுத்த றாம் வண்டிகள் திரும்பும் இடத்தில், களைத்த குதிரைகளின் முதுகிலிருந்து ஆவி எழுவதையும், வண்டிக்காரர் அவற்றிற்கு நீர் காட்டுவதையும் எடுத்தார். அரண்மனையுமில்லை, அழகியருமில்லை, நாள்தோறும் யாவருங் கண்டும் காணாது கடந்த தெருவே அவருக்குப் பொருளாயிற்று.

தாம் கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் இயல்பு அவரிடமில்லை. பிறர் படைத்ததையும் தாம் படைத்தது போலவே மற்றவர்க்குக் காட்ட வேண்டும் என்னும் வேட்கை அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. 1903இல் ‘கமெரா வேர்க்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். தாளும் அச்சும் படமும் அவரே மேற்பார்த்தவை. நம் மலைநாட்டிலே 1879இல் உயிர்நீத்த யூலியா மார்கிரட் கமெரன் அம்மையாரின் படங்களையும் 1913இல் அதில் வெளியிட்டு, அவரை மறந்திருந்த உலகிற்கு நினைவூட்டினார். 1905இல், ஐந்தாம் நிழற்சாலை 291ஆம் இலக்கத்திலே சிறு காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். றோடின், மற்றீஸ், செசான், பிக்காசோ முதலியோரின் படைப்புகளை அமெரிக்க மக்கள் தொடக்கத்திற் கண்ட இடங்களுள் அச்சிறு கூடம் தலையாயது.

ஆனால், புதுமையைக் காட்டக் காட்ட வாசகர் குறைந்தனர். தொடக்கத்தில் ஆயிரத்தை அண்மிய சந்தாதாரர் தொகை, ஈற்றில் நாற்பதிற்குங் கீழே இறங்கியது. 1917இல், உலகப்போரின் நெருக்கடியிலே, சஞ்சிகையும் கூடமும் ஒருங்கே மூடப்பட்டன. இலக்கியச் சஞ்சிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட நம்மவர்க்கு அந்நிலையை விரித்துரைத்தல் வேண்டியதில்லை.

பின்னர் ஓவியர் யோர்ஜியா ஓகீஃப் அவர் வாழ்விற் புகுந்தார். அவரது முகத்தையும் கரங்களையும் ஸ்டீக்லிற்ஸ் எடுத்த படங்கள் 1921இற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பெரும் பரபரப்பு ஏற்பட்டது. அதன் பின்னரே அந்தச் சொல் எழுந்தது. அவருடைய படங்களின் ஆற்றல் அவர் கலையில் இல்லை. எதிரே அமர்வோரை வசியஞ் செய்யும் அவரது மனவலிமையில் உள்ளது என்று இளம் எழுத்தாளர் ஒருவர் கருதினார். புகழ்வது போலத் தோன்றினும், கலைஞனின் முதலையே பறிக்கும் கூற்று அது. நாற்பது ஆண்டு உழைப்பும் வெறும் வசியந்தானா?

அது 1922ஆம் ஆண்டு. நியூயோர்க் மாநிலத்தின் வடபால், ஜோர்ஜ் ஏரிக்கரையிலுள்ள குடும்பத்துப் பண்ணை வீட்டிலே அவர் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார். அன்னையார் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். குடும்பத்தின் பழைய செல்வம் சிதைந்துகொண்டிருந்தது. வளவிலே நின்ற முதிய மரங்களும் பட்டுக்கொண்டிருந்தன. வயது அவருக்கு ஐம்பத்தெட்டு. இந்நிலையில் அவர் கமெராவை வானத்தை நோக்கி உயர்த்தினார்.

முகிலை எவர் வசியஞ் செய்ய முடியும்? அது ஒருவர் சொற்கேட்டு அமர்வதில்லை. புகழ்பெற்ற முகம் அதற்கில்லை. செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே வானம். அதிலிருந்து ஒரு கலைப்படைப்பை ஆக்கிக் காட்டினால், ஆற்றல் பொருளில் இல்லை என்பது தானே புலனாகும். இதுவே அவர் கருத்து. அன்றியும், நாற்பது ஆண்டுகளில் தாம் புகைப்படத்தைப் பற்றிக் கற்றது யாது என்று தம்மையே சோதிக்கவும் அவர் விரும்பினார். எல்லா நிறங்களையும் உணருந் தகடுகள் அப்பொழுது கிடைக்கத் தொடங்கியிருந்தன. வோகலின் சாயம் வானைத் திறந்துவிட்டது. அக்கோடையில் எடுத்த பத்துப் படங்களுக்கு அவர் ‘இசை’ என்று பெயரிட்டார். அவற்றைக் கண்ட இசையாக்குநர் ஏர்னெஸ்ற் புளொக், தாம் விரும்பியவாறே, இவை இசையே என்று வியந்ததாக அவர் பின்னர் எழுதினார். அவ்வாண்டு கார்த்திகையில் அன்னையார் காலமானார்.

மறு ஆண்டு துயரம் மீண்டும் வந்தது. அவருடைய ஒரே மகள் கிற்றி 1923இல் ஆண் மகவைப் பெற்றார். பேற்றின் பின் கடும் மனநோய்க்கு உள்ளாகி, 1971இல் இறக்கும்வரை காப்பகத்திலேயே வாழ்ந்தார். குழந்தைப் பருவந் தொட்டு அம்மகளைப் படம்பிடித்தவர் தந்தை. அவ்வாண்டில் அவர் எடுத்த முகிற் படங்களின் பெயர் ‘வானத்துப் பாடல்கள்’. துயரத்தைப் பற்றி அவை எதுவும் கூறவில்லை. கரிய முகிலொன்று, அதன் விளிம்பிலே சிறிது ஒளி, அவ்வளவே. ஆயினும், அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை அறிந்த பின்னர் அவற்றை வெறும் முகில்களாய்க் காண என்னால் முடியவில்லை.

1925 முதல் இப்படங்களை அவர் ‘ஈடுகள்’ என்னும் பொருளுடைய பெயரால் அழைத்தார். உள்ளத்தில் நிகழ்ந்ததற்குப் புறத்திலே கண்ட ஈடு என்பது கருத்து. ஏறத்தாழ உள்ளங்கை அளவான சிறு படங்கள். தொடுவானமும் மரமும் மலையும் பலவற்றில் இல்லை. எது மேல், எது கீழ் என்று கூறுவதும் அரிது. இவ்வாறு இருநூறுக்கு மேற்பட்ட முகிற் படங்களை ஆக்கினார்.

இனி நம் நாட்டவர் வரும் இடத்துக்கு வருவோம். கொழும்பிலே 1877இல், சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராய்ப் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றினார். பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் ஆராய்ந்த அப்பெருமகன், தாமும் புகைப்படங்கள் எடுத்தவர். இயந்திரத்தினால் எடுக்கப்படும் படம் கலையாகாது என்று பெரும் நிலையங்கள் ஒதுக்கியிருந்த காலத்தில், ஸ்டீக்லிற்ஸின் படங்கள் நூதனசாலையில் இடம்பெற வேண்டும் என்று முயன்றவர் அவர். அதன் பயனாக, 1924இல் ஸ்டீக்லிற்ஸ் தாமே தெரிந்தெடுத்த 27 படங்களை அந்நிலையத்துக்குக் கொடையாக அளித்தார். அமெரிக்கப் பெரும் கலை நிலையம் ஒன்று புகைப்படத்தைக் கலைப்பொருளாய் ஏற்ற முதல் நிகழ்ச்சிகளுள் அது எண்ணப்படுகின்றது. நான்கு ஆண்டுகளின் பின்னர் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையும் அவர் படங்களை ஏற்றது. சோழர் காலத்து நடராசர் திருவுருவத்தின் தத்துவத்தை உலகிற்கு விளக்கிய அதே அறிஞர், ஒரு வெள்ளித்தாட் படத்திலும் கலையைக் கண்டார் என்பது நாம் பெருமைப்படத்தக்கது மட்டுமன்று, சிந்திக்கத்தக்கதுமாம்.

ஸ்டீக்லிற்ஸைக் குறையில்லாதவர் என்று கூற நான் முற்படவில்லை. பிறர் கருத்துக்கு எளிதில் இணங்காதவர். நண்பர் பலரைப் பகைத்துக்கொண்டவர். முதல் மனைவி எம்மெலினை விட்டுப் பிரிந்து, 1924இல் மணவிலக்குப் பெற்று, அவ்வாண்டிலேயே ஓகீஃபை மணந்தார். தெருவையும் முகிலையும் பொறுமையோடு நோக்கியவர், வீட்டிலுள்ளோரிடத்து அத்துணைப் பொறுமை காட்டினாரல்லர். கலைஞரின் வாழ்வை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

முதுமையில் நெஞ்சு நோய் அவரை ஒடுக்கியது. தூரப் பயணம் இயலாதபோது, காட்சிக்கூடத்தின் யன்னலிலிருந்து, உயர்ந்த கட்டடங்களின்மேல் வெயில் ஏறி இறங்குவதைப் படமாக்கினார். ஏரிக்கரையிலே 1933இல் காலடியிலுள்ள புல்லையும் எடுத்தார். வானத்தில் தொடங்கிய பார்வை புல்லில் வந்து தங்கியது. 1937க்குப் பின் கமெராவைத் தூக்கும் வலிமை அவருக்கு இருக்கவில்லை. ஆயினும், வருவோர்க்குப் படங்களைக் காட்டி உரையாடும் பணியை இறுதிவரை விடவில்லை. 1946ஆம் ஆண்டு யூலை 13ஆந் திகதி, தமது 82ஆம் வயதில் காலமானார். அவரது சாம்பலை ஓகீஃப் ஜோர்ஜ் ஏரிக்கரையிலே ஒரு மரத்தடியிற் சேர்த்தார். அவரிடமிருந்த 1642 படங்கள் 1949இலும் 1980இலும் வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்துக்கு அளிக்கப்பட்டன. இன்று அவை மக்கள் யாவருக்கும் உரியவை.

இவற்றையெல்லாம் எண்ணியபின், மறுநாள் அம்மாணவியை அழைத்து, நான் முன்னாளிற் கூறியது தவறு என்றேன். படங்களை மீண்டும் காட்டுமாறு கேட்டேன். இம்முறை விரைவாய்த் தள்ளாது, ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். சுளகின்மீது வெயில் விழுந்த படத்தில் என் கண் நெடுநேரம் நின்றது. அந்தச் சுளகு யாருடையது என்று கேட்டேன். தன் அம்மம்மாவுடையது என்றும், அவர் ஆவணியிலே தவறிப்போனார் என்றும் அவள் மெல்லச் சொன்னாள்.

மனிதர் எவரையுங் காணோமே என்று நான் குறைகூறிய படம் அது.