சில தவணைகளுக்கென்று போனவர்: லீசே மைட்னர்

அணுப்பிளவை உலகுக்கு விளக்கிய லீசே மைட்னர் அம்மையார் 1878இல் வியன்னாவில் பிறந்தார். அவருடைய பாடசாலைப் படிப்பு 14 வயதுடன் முடிந்தது. அன்று பெண்பிள்ளைகளுக்கு அவ்வளவுதான். பின்னர் தனிப்பட்ட முறையில் படித்து, 1901இல் பல்கலைக்கழகம் புகுந்து, 1906இல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் ஆராய்ச்சி தமக்குக் கைகூடுமா என்ற ஐயம் தீரவில்லை. ஆசிரியத் தகைமையையும் பெற்று, பகலில் பெண்கள் பாடசாலையொன்றில் கற்பித்தார். மாலையில் ஆய்வுகூடம் சென்றார். நம்மில் பலர் அந்த உத்தியோகத்தோடு நின்றிருப்போம்.

பாரிஸிலிருந்த மேரி கியூரிக்கு விண்ணப்பித்தார். இடமில்லையென்று பதில் வந்தது. மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். எனினும் 1907இல் தந்தையாரிடம் செலவுக்குக் கேட்டுக்கொண்டு, சில தவணைகளுக்கென்று பேர்லின் சென்று, மக்ஸ் பிளாங்கின் விரிவுரைகளுக்கு அனுமதி வேண்டினார். கலாநிதியான பின்னும் இன்னும் என்ன வேண்டுமென்று பிளாங் வியந்தார். பௌதிகவியலைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்றார் இவர். அனுமதி கிடைத்தது.

ஒட்டோ ஹானுடன் ஆராயவும் வாய்ப்பு வந்தது. ஆனால் அந்த இரசாயன நிறுவகத்தினுள் பெண்கள் நுழையலாகாது. நிலக்கீழ்த் தளத்துத் தச்சுப்பட்டறையே ஆய்வுகூடமாயிற்று. வாசலும் தனி, சம்பளமும் இல்லை. பிரஷ்யா 1908இல் பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்குத் திறந்த பின்னரே அத்தடை நீங்கியது.

1912இல் பிளாங்கே அவரைத் தம் உதவியாளராக்கினார். மாணவரின் பயிற்சிகளைத் திருத்தும் வேலை. பேர்லினில் அவர் கண்ட முதற் சம்பளம் அதுதான். 1926இல் ஜேர்மனியின் முதல் பெண் பௌதிகவியற் பேராசிரியரானார். யூத வம்சத்தவரென்பதால் 1938இல் நாட்டைவிட்டுத் தப்பியோட நேர்ந்தது. பெறாமகன் ஒட்டோ பிரிஷுடன் அணுப்பிளவுக்கு விளக்கம் கண்டது சுவீடனில், அகதியாக இருந்தபோது. அக்கண்டுபிடிப்புக்கான 1944ஆம் ஆண்டு நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போயிற்று.

சில தவணைகளுக்கென்று போன பேர்லினில் அவர் இருந்தது 31 ஆண்டுகள்.