பெருந்தலைவரின் இதயம்

விருதுநகர் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது எண்ணெயும் மிளகாய் வற்றலும். சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும். ஆனால் இந்த மண்ணின் பிள்ளைகளாகிய எங்கள் நெஞ்சில் முதலில் எழுவது பெருந்தலைவர் காமராசரின் திருப்பெயரே. அவருடைய வரலாற்றை ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோம். அவருடைய உயிரைக் கவர்ந்து சென்றது மாரடைப்பு என்பதையோ அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அவருடைய வாழ்க்கையோடு, மனித இதயத்தைப் பற்றியும் அறிந்தவற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக அன்றைய விருதுபட்டியில் காமராசர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சத்திரிய வித்தியாசாலையில் கற்ற கல்வி பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்த சிறுவனின் காதுகள், தெருவில் கேட்ட விடுதலை முழக்கத்தின் பக்கமே திரும்பின. 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை புகுந்தார். பின்னும் பலமுறை சிறை சென்று, வாழ்நாளில் ஏறத்தாழ 9 ஆண்டுகளைக் கம்பிகளுக்குப் பின்னால் கழித்தார். 1941-இல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். விடுதலையாகி வந்தவர், நாட்டுப் பணிக்கு இடையே அந்தப் பதவிக்கு முழு நேரம் தர இயலாது என்று கருதி அதை விட்டு விலகினார்.

1954 ஏப்ரல் 13 அன்று தமிழகத்தின் முதலமைச்சரானார். பாதியில் நின்ற தம் படிப்பை அவர் மறக்கவில்லை போலும்! ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக் கூலி தேடிய எத்தனையோ பிஞ்சுக் கைகள் பலகையும் பல்பமும் பிடித்தன. தஞ்சாவூரிலும் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் தோன்றியதும் அவருடைய ஆட்சிக் காலத்தில்தான். 1963 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, கட்சிப் பணிக்காகத் தாமே முதல்வர் பதவியைத் துறந்தார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்குகளில் தோற்றார். அப்போதும் மனம் கசந்து ஒதுங்கவில்லை. 1969-இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

1975 அக்டோபர் 2. மீண்டும் காந்தி பிறந்த நாள். சென்னைத் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் மதிய உணவுக்குப் பின் படுத்தவரை மாரடைப்பு தாக்கியது. 72 வயதில் அந்த மாபெரும் இதயம் நின்றது. மறு ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது.

நம் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை, நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அப்படியானால் பெருந்தலைவரின் இதயம் 250 கோடிக்கும் மேற்பட்ட முறை துடித்திருக்கும்! அது ஓயாத ஒரு பம்பு. மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபட்டு, இதயத் தசையின் ஒரு பகுதி மடிகிறது. உயிர் பிழைத்தவர்களுக்கும் மிச்சமுள்ள தசையே முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும். பல ஆண்டு ரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் இதயத்தை இவ்வாறே தளர்த்தும்.

அந்தத் தளர்ச்சியை எக்கோ பரிசோதனை அளந்து சொல்லும். இதயத்தின் இடது கீழறை நிறையும்போது 100 பங்கு ரத்தம் இருந்தால், ஒரு துடிப்பில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதே ஈ.எஃப். எனும் எண். நல்ல இதயமும் 100 பங்கையும் தள்ளுவதில்லை. 55 முதல் 65 வரை தள்ளினாலே அது முழு மதிப்பெண். ஆகவே 45 என்று கண்டு, பாதி இதயம் போய்விட்டதென்று அழ வேண்டியதில்லை. தேர்வில் தேறும் மதிப்பெண்தானே என்று சும்மா இருக்கவும் கூடாது. மூச்சுத் திணறல் போன்ற அறிகுறிகளோடு 41 முதல் 49 வரை இருந்தால், அது பம்பும் திறன் சற்றே குறைந்த இதயச் செயலிழப்பு எனப்படும். இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. தளர்ந்திருக்கிறது, தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதே பொருள்.

பெருந்தலைவர் மறைந்த அதே 1975-இல் உலகின் வேறு மூலைகளில் நடந்தவை எங்களை வியக்க வைத்தன. தளர்ந்த இதயத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பீட்டா பிளாக்கர் மருந்து உண்மையில் உதவக்கூடும் என்று சுவீடன் மருத்துவர்கள் அவ்வாண்டு எழுதினர். பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததன் பயனாகக் கேப்டோப்ரில் என்னும் மருந்து அமெரிக்காவில் அவ்வாண்டே உருவாயிற்று. சர்க்கரை நோய்க்கென வந்த ஒரு வகை மாத்திரை, ஈ.எஃப். 40-க்கு மேல் உள்ள இதய நோயாளிகள் மருத்துவமனையில் சேர நேர்வதைக் குறைப்பதாக 2021, 2022-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. விருதுநகரிலேயே 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

ஆனால் நோயைச் சொன்னால்தானே மருந்து! பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் உழைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், மூச்சு வாங்கினால் மருந்துத் தூசி என்பார்கள். கால் வீங்கினால் நாளெல்லாம் உட்கார்ந்த வேலை என்பார்கள். படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்தினால் வயது என்பார்கள். அவை உண்மையாகவும் இருக்கலாம்; இதயத்தின் முறையீடாகவும் இருக்கலாம். எதுவென்று மருத்துவரே சொல்ல வேண்டும். இந்நோய் கண்டவர்கள் சாத்தூர்ச் சேவு, ஊறுகாய், அப்பளம் இவற்றின் உப்பைக் குறைக்க வேண்டும். நன்றாகி விட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலியும் வியர்வையும் திடீரென வந்தால் சோடா குடித்துப் பொழுதைப் போக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

தோழியரே, ஏழைக் குழந்தையின் பசியை அது கேட்காமலேயே அறிந்தவர் நம் பெருந்தலைவர். அவர் திறந்த கல்விக் கதவின் வழியே வந்த நாம், நம் தாய் தந்தையர், பாட்டி தாத்தா சொல்லாமல் மறைக்கும் களைப்பைக் கண்டறிந்து, கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக! அதுவே அவருக்கு நாம் சூட்டும் வாடாத மாலை.

வாழ்க பெருந்தலைவர் புகழ்!