ழான் ஒகுஸ்ட் டொமினிக் ஆங்கர்

ழான் ஒகுஸ்ட் டொமினிக் ஆங்கர் (ஆகஸ்ட் 29, 1780 - ஜனவரி 14, 1867) ஒரு பிரெஞ்சு ஓவியர் ஆவார். நவசெவ்வியல் பாணி ஓவியர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். வரலாற்று ஓவியங்களால் புகழ்பெறவே இவர் விரும்பினார். எனினும், பிழைப்புக்காக வரைந்த பென்சில் உருவப்படங்களும் இவரது சிறந்த படைப்புகளாக மதிக்கப்படுகின்றன.

இளமை

ஆங்கர் தெற்குப் பிரான்சிலுள்ள மோந்தோபான் நகரில் பிறந்தார். கலைஞரான தந்தையே இவருக்கு முதல் ஆசிரியர். துலூஸ் நகரில் பயின்றபின் 1797 இல் பாரிஸ் சென்று, புகழ்பெற்ற ஓவியர் சாக் லூயி டேவிட்டிடம் மாணவரானார். 1801 இல் ரோம் பரிசை வென்றார். அரசிடம் போதிய நிதி இல்லாமையால் 1806 இலேயே ரோம் செல்ல முடிந்தது.

ரோமில் வாழ்க்கை

1813 இல் மதலேன் சப்பேல் என்பவரை மணந்தார். 1815 இல் நெப்போலியன் வீழ்ந்தபின், இவரை ஆதரித்துவந்த பிரெஞ்சு அதிகாரிகள் ரோமை விட்டு வெளியேறினர். வருவாய் இழந்த ஆங்கர், அந்நகருக்கு வந்த பயணிகளை, குறிப்பாக ஆங்கிலேயரை, பென்சிலால் வரைந்து குடும்பத்தைக் காத்தார். இப்பணியைத் தம் தகுதிக்குக் குறைவானதாகவே கருதினார். ஸ்தமாத்தி குடும்பம் (1818), வயலின் கலைஞர் பாகானினி (1819) ஆகிய படங்கள் இக்காலத்தவை.

பென்சில் ஓவிய முறை

கிராபைட்டுத் தூளைக் களிமண்ணுடன் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு நிக்கோலா சாக் கொந்தே 1795 இல் காப்புரிமை பெற்றார். களிமண்ணின் அளவு கூடினால் பென்சில் கடினமாகும். கோடு மெல்லியதாக விழும். கடினமான பென்சிலைக் கூராகச் சீவி, வழவழப்பான வெண்தாளில் வரைவது ஆங்கரின் வழக்கம்.

கிராபைட்டு, கரியைப் போல் அடர்ந்த கருமை தருவதில்லை. வெள்ளி போன்ற சாம்பல் நிறமே தரும். ஆகவே இவர் நிழலை மிகுதியாக நம்பாமல், புறக்கோட்டின் வளைவாலும் அழுத்த வேறுபாட்டாலும் உடலின் திரட்சியைக் காட்டினார். முகத்தை நுண்ணிய கோடுகளால் முழுமையாக வரைந்து, உடையை விரைவான சில கோடுகளில் முடித்தார். இதனால் பார்ப்பவர் கண் முகத்திலேயே நிலைக்கிறது.

பிற்காலம்

1824 இல் பதின்மூன்றாம் லூயியின் நேர்த்தி என்னும் ஓவியம் இவருக்குப் பெருவெற்றி தந்தது. 1835 முதல் 1841 வரை ரோமிலுள்ள பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் இயக்குநராக இருந்தார். பாரிசில் காலமானார். இவரது வரைபடங்கள் பல்லாயிரம் மோந்தோபான் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஓவியர் எட்கார் டேகா இவற்றைப் பெரிதும் போற்றிச் சேகரித்தார். இவர் வரைந்த பென்சில் உருவப்படங்களுள் ஏறத்தாழ 450 அறியப்பட்டுள்ளன.